காற்று மேலேதான் ஏறும்

ஜாலான் மேருவை ஒட்டிய மோட்டார் பட்டறைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். இத்தனை காலமும் ஒரே புகாரைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்: “பிரேக் ஆயில் மாற்றினேன், அப்புறம் பிரேக் கை சொதசொதவென்று இருக்கிறது. போர்மனுக்கு வேலை தெரியவில்லை.” முதலாளியும் தலையாட்டுவார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன பையன் தலையைக் குனிந்தபடி மறுபடி ஸ்பானரை எடுப்பான்.

பிரேக் குழாயில் காற்று தங்கினால் அது காற்றெடுத்தவனின் பிழை, மோட்டாரை வடிவமைத்தவர்களுக்கு அதில் பங்கில்லை என்று நம்மில் பலரும் நம்புகிறோம். இந்த நம்பிக்கை தவறு. காற்று எளிதில் வெளியேறுமா, அடம்பிடிக்குமா என்பது பெரும்பாலும் வரைபடத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்த நம்பிக்கையைத் தாங்கி நிற்கும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“காற்று தங்கினால் கவனக்குறைவுதான் காரணம்.”

கவனக்குறைவு இல்லாமல் இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தை வற்ற விடுகிறவர்கள் உண்டு. பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டு முடுக்குகிறவர்களும் உண்டு. ஆனால் கவனமாகச் செய்தவனும் ஏன் தோற்கிறான் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

அரை அங்குலப் பிஸ்டன் உள்ள மாஸ்டர் பம்ப், கையை ஒருமுறை அழுத்தும்போது 8 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வையுங்கள். வெளியே போவது சுமார் ஒரு மில்லிலிட்டர் எண்ணெய். குழாயின் துளை 3 மில்லிமீட்டர் என்றால், அந்த ஒரு மில்லி குழாய்க்குள் ஏறக்குறைய 14 சென்டிமீட்டர்தான் நகரும். முன்சக்கரம் வரை குழாய் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். நாம் அழுத்தும்போது குமிழி 14 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. அடுத்த அழுத்தத்துக்குள் அது மேலே ஏறப் பார்க்கிறது. காற்றின் இயல்பு மேலே போவது. நாமோ அதைக் கீழே விரட்டிக் காலிப்பர் வழியாக வெளியேற்றப் பார்க்கிறோம்.

அந்தக் குமிழி கடைசியில் எங்கே போய் நிற்கும்? எது மிக உயரமோ அங்கே. ஹேண்டில் கைப்பக்கம் தாழ்ந்து, நடுப்பக்கம் உயர்ந்திருக்கும் மோட்டார்களில் அந்த உயரமான இடம், மாஸ்டர் பம்பிலிருந்து குழாய் புறப்படும் பேன்ஜோ போல்ட். கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார்கள் பலவற்றில் அந்தப் போல்ட் ஹேண்டில் கவருக்குள் மறைந்திருக்கிறது. கவரைக் கழற்றாமல் ஸ்பானர் போகாது. அரை மில்லி காற்று அங்கே அகப்பட்டால், அழுத்தும் ஒரு மில்லியில் கிட்டத்தட்டப் பாதி அந்தக் காற்றை நசுக்குவதிலேயே போய்விடும். மீதிதான் பிரேக் பேடுக்கு. இதில் பையனின் கவனக்குறைவு எங்கே வந்தது?

“கைப்பழக்கம் இருந்தால் எந்தப் பிரேக்கும் வழிக்கு வரும்.”

வரும்தான். குழாயைத் தட்டிக் குமிழியை எழுப்புவோம். பிரேக் கையை ரப்பரால் இழுத்துக் கட்டி இரவு முழுக்க விட்டுவைப்போம். மாஸ்டர் பம்பின் கிளாம்பைத் தளர்த்திச் சாய்ப்போம். ஊசிக்குழலால் காலிப்பர் பக்கமிருந்து எண்ணெயை மேல்நோக்கித் தள்ளுவோம். கடைசி வழி காற்றின் போக்கிலேயே போவதால் நன்றாக வேலை செய்யும்; ஆனால் காலிப்பரில் படிந்த கசடும் சேர்ந்து மேலேறிவிடும் ஆபத்து உண்டு.

இவை எல்லாம் வடிவமைப்பின் குறையைக் கையால் ஈடுகட்டும் வழிகள். சில மாடல்களில் பின் காலிப்பரில் காற்றெடுக்கத் திறக்கும் நிப்பிள் உச்சியில் இல்லை. காலிப்பரையே கழற்றி, பேடுகளுக்கு நடுவே மரக்கட்டையைச் செருகி, நிப்பிள் மேலே வரும்படி தூக்கிப் பிடித்துத்தான் காற்றெடுக்க வேண்டும். இதையெல்லாம் அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் பிரேக் சரியாகும் என்றால், அந்த ஒருவர் இல்லாத ஊரில் ஓட்டுபவரின் கதி என்ன?

“அடைத்த குழாய்தானே, எண்ணெயை மாற்றவே வேண்டாம்.”

மாற்றவே வேண்டாம் என்றால் காற்றெடுக்கும் வசதியும் வேண்டாம் என்றாகிறது. நாம் ஊற்றும் டாட் 3, டாட் 4 எண்ணெய்கள் கிளைக்கால் வகை, ஈரத்தை உறிஞ்சுபவை. புதிய டாட் 4 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் விதி கேட்பது 155 டிகிரிதான். கெந்திங் மலையிலிருந்து பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கும்போது அந்த 75 டிகிரி வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. எண்ணெய் கொதித்து ஆவியானால் கை ஹேண்டிலைத் தொடும், சக்கரம் நிற்காது. அதனால்தான் தயாரிப்பாளர்கள் பலர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றச் சொல்கிறவர்கள், மாற்ற எளிதாகவும் செய்து தர வேண்டும். நம் மலேசியாவில் சொந்த மோட்டாருக்கு ஆண்டுப் பரிசோதனை கிடையாது. சாலை வரி புதுப்பிக்கும்போது யாரும் பிரேக் எண்ணெயைப் பார்ப்பதில்லை. வேலை கடினமாக இருந்தால் அது தள்ளிப்போகும், தள்ளிப்போனால் மறந்தும் போகும்.

“வசதி கூட்டினால் விலை கூடும்.”

கூடும், ஆனால் எவ்வளவு? நிப்பிளுக்கான துளையைக் காலிப்பரின் உச்சியில் போடுவதும் பக்கவாட்டில் போடுவதும் துளைபோடும் இயந்திரத்துக்கு ஒரே வேலைதான். குழாய் வழியில் மேடு இல்லாமல் பார்த்துக்கொள்ளப் பொருள் வேண்டாம், யோசனை போதும். மாஸ்டர் பம்பிலேயே ஒரு நிப்பிள் வைப்பது பெரிய ஸ்போர்ட்ஸ் மோட்டார்கள் பலவற்றில் இருக்கிறது. நிப்பிளோடு வரும் பேன்ஜோ போல்ட் உதிரிபாகக் கடைகளில் தனியாகவே கிடைக்கிறது. 1969-இல் ஹோண்டா சிபி750 முன்சக்கர டிஸ்க் பிரேக்கோடு வந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் சிறிய மோட்டாருக்கு இந்தச் சின்ன வசதி ஆடம்பரமா? மலேசியச் சாலைகளில் இறப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் சென்றவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஓட்டுவது பெரிய மோட்டார் அல்ல.

“ஏபிஎஸ் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை.”

ஏபிஎஸ் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட மோட்டார்கள் எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம். ஆனால் ஏபிஎஸ் இருந்தால் குழாய் ஹேண்டிலிலிருந்து நேரே காலிப்பருக்குப் போகாது. ஏபிஎஸ் பெட்டிக்குப் போய், அங்கிருந்து மறுபடி சக்கரத்துக்கு வருகிறது. ஏற்றமும் இறக்கமும் கூடுகின்றன. பெட்டிக்குள் வால்வுகளுக்கும் பம்புக்கும் தனி வழிகள் உண்டு. அங்கே காற்று புகுந்தால், சில மாடல்களில் கணினிக் கருவியைச் செருகி அந்தப் பம்பை ஓட்டினால்தான் வெளியேறும். அந்தக் கருவி இல்லாத சிறு பட்டறை என்ன செய்யும்? ஆகவே ஏபிஎஸ் வந்ததால் காற்றெடுக்கும் வசதியின் தேவை குறையவில்லை, கூடியிருக்கிறது.

நான் கேட்பவை நான்கு. காலிப்பரைக் கழற்றாமல் ஸ்பானர் எட்டும்படி உச்சியில் நிப்பிள். மாஸ்டர் பம்பில் இன்னொரு நிப்பிள். வழியில் மேடில்லாத குழாய். கருவி இல்லாத பட்டறையும் செய்யக்கூடிய ஏபிஎஸ் காற்றெடுப்பு முறை. மோட்டார் வாங்கப் போகிறவர்கள் நிறத்தையும் மாதத் தவணையையும் கேட்பதோடு, காலிப்பர் நிப்பிள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குனிந்து ஒருமுறை பாருங்கள். கேட்பவர்கள் கூடினால் செய்பவர்களும் கூடுவார்கள்.

அதுவரை ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கை சொதசொதவென்று இருந்தால், பையனைத் திட்டுமுன் ஹேண்டில் கவரைக் கழற்றச் சொல்லுங்கள். அந்தப் பேன்ஜோ போல்ட் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.