அழைப்புக் கணக்கு யாருடைய சொத்து?

இணையவழித் தொலைபேசி அழைப்புகளைத் தரவுத்தளத்திலிருந்து திரட்டி மாதந்தோறும் அறிக்கையாக்குவது வெறும் எழுதுவினைஞர் வேலை என்றே பலரும் கருதுகின்றனர். இக்கருத்தை நான் ஏற்பதற்கில்லை. எதைக் கூட்டுவது, எதை விடுவது என்று தீர்மானிப்பவரே அவ்வறிக்கையின் நீதிபதி.

இரத்தோட்டைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து, வளைகுடாவில் பணிபுரியும் மகளை ஒரு தாய் அழைப்பதாகக் கொள்வோம். மணி நாற்பது விநாடி ஒலிக்கிறது; பேச்சு இரண்டு நிமிடம் நீடிக்கிறது. அஸ்டெரிஸ்க் போன்ற மென்பொருள் இரண்டையும் தனித்தனியே பதிகிறது: மொத்த நேரம் 160 விநாடி, பேசிய நேரம் 120 விநாடி. அறிக்கை தயாரிப்பவர் முதலாவதைக் கூட்டினால், பேசாத பேச்சுக்கு மூன்றிலொரு பங்கு கூடுதலாக அத்தாய் செலுத்த நேரும்.

நேரக் கணக்கும் அவ்வாறே. தரவுத்தளங்கள் பலவற்றில் உலகப் பொது நேரமே பதியப்படுகிறது. நாமோ ஐந்தரை மணி முன்னே நிற்கிறோம். எனவே, மாற்றிக் கணக்கிடாவிடின், புத்தாண்டு அதிகாலை இரண்டு மணிக்குப் பேசியது டிசம்பர் அறிக்கையில் போய் விழும்.

இவை திருத்தக்கூடிய பிழைகள். திருத்த அரிதானது வேறொன்று: இவ்வறிக்கையை வேறு யார் வாசிக்கிறார் என்பது. அமெரிக்காவின் வெரைசன் நிறுவனம் தன் வாடிக்கையாளரின் அழைப்பு விவரங்களை நாள்தோறும் உளவு அமைப்புக்குக் கையளித்தமை 2013 ஜூனில் ஸ்னோடென் வாயிலாக அம்பலமாயிற்று. பேச்சைக் கேட்கவில்லையே என்று அதிகாரிகள் சமாதானம் கூறினர். யார், யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம் என்பது தெரிந்தபின் பேச்சு எதற்கு? இணையத் தொலைபேசியையும் உள்ளடக்கிய ஐரோப்பியத் தரவுச் சேமிப்புப் பணிப்புரையை 2014 ஏப்ரல் 8 அன்று அங்குள்ள நீதிமன்றம் செல்லாததாக்கியது.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் பிரதான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து பிற்போடப்பட்டன. உரிமைக்கு மட்டும் எப்போதும் தவணை!

குற்றப் புலனாய்வுக்குப் பதிவுகள் வேண்டாமா எனக் கேட்பர். வேண்டும், குறித்த ஒருவரைப் பற்றி, நீதிமன்ற ஆணையுடன். ஏனையோரின் பதிவுகள் கட்டணத் தகராறுக் காலம் கடந்ததும் அழிக்கப்படல் வேண்டும். அதுவரை, அந்தத் தாய் தன் கணக்கைத் தமிழில் கேட்டுப் பெறவும், பிழையெனில் மறுக்கவும் வழியிருக்க வேண்டும். அவ்வழியற்ற அறிக்கை கணக்கன்று, வேவு.