பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டால் திரை கறுப்பாவது ஏன்? கிராபிக்ஸ் டிரைவர் சிக்கலின் முழு பின்னணி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. சரி, விண்டோஸ் 11-க்கு மாறலாம்னு பார்த்தா, டிபிஎம் 2.0 வசதி வேணும், ஓரளவு புதிய பிராசஸர் வேணும் என நிபந்தனைகள் இருக்கின்றன. நல்லா ஓடிக்கிட்டிருக்கிற கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட மனசில்லாத பலர் லினக்ஸ் பக்கம் திரும்புகிறார்கள். காசு கிடையாது, பழைய மெஷினிலும் ஓடும்.

ஆனால் இன்ஸ்டால் பண்ணி ஆன் செய்ததும் சிலருக்குத் திரை கறுப்பாகவே நிற்கிறது. சிலருக்கு வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது. சிலருக்கு லேப்டாப்பை மூடித் திறந்தால் திரை உயிர் பெறுவதே இல்லை. இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கிராபிக்ஸ் டிரைவர். அதில் அப்படி என்ன சிக்கல்? விரிவாகப் பார்க்கலாம்.

டிரைவர்னா என்ன?

சிம்பிளா சொல்லணும்னா, ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் ஹார்டுவேருக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர். கீபோர்டு, மவுஸ் போன்றவற்றுக்குப் பொதுவான விதிகள் இருப்பதால் எந்த சிஸ்டத்தில் செருகினாலும் வேலை செய்துவிடும். கிராபிக்ஸ் சிப் அப்படி இல்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும், ஏன், ஒரே கம்பெனியின் ஒவ்வொரு தலைமுறைக்கும் தனி மொழி.

இந்த டிரைவரை எழுத, சிப்புக்குள் என்ன நடக்கிறது என்ற விவரம் தேவை. அது கம்பெனியின் கையில் இருக்கிறது. விண்டோஸுக்கு கம்பெனியே டிரைவர் எழுதித் தந்துவிடும். லினக்ஸுக்கு யார் எழுதுவது? இங்கேதான் கதை பிரிகிறது.

மூன்று கம்பெனி, மூன்று பாதை

இன்டெல்: இதன் இன்ஜினியர்களே திறந்த மூல டிரைவரை எழுதி லினக்ஸில் சேர்த்துவிடுகிறார்கள். இன்டெல் கிராபிக்ஸ் மட்டுமே உள்ள பெரும்பாலான லேப்டாப்களில் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ஏஎம்டி: 2006-ல் ஏடிஐ நிறுவனத்தை வாங்கியது. அடுத்த ஆண்டே சிப் விவரங்களை வெளியிடுவோம், திறந்த மூல டிரைவருக்கு உதவுவோம் என அறிவித்தது. 2015-ல் 'ஏஎம்டிஜிபியு' என்ற டிரைவர் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது.

என்விடியா: லினக்ஸுக்கும் டிரைவர் தந்தது, வேகமும் நல்லாவே இருந்தது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் காட்டவில்லை.

மூடி வைத்தால் என்ன நஷ்டம்?

லினக்ஸ் கெர்னலில் சுமார் 9, 10 வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகிறது. அதன் உள் அமைப்பு எப்போது வேண்டுமானாலும் மாறலாம். கெர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவர் என்றால், மாற்றம் செய்பவரே அதையும் சேர்த்துத் திருத்திவிடுவார். வெளியே இருக்கும் மூடிய டிரைவரை வேறு யாரும் தொட முடியாது. கம்பெனி புதுப்பித்துத் தரும்வரை காத்திருக்கணும். நேற்றுவரை ஓடிய சிஸ்டம், ஒரு அப்டேட்டுக்குப் பிறகு கறுப்புத் திரையோடு நிற்பது பல நேரம் இதனால்தான்.

இந்தக் கோபம் 2012-ல் வெளிப்படையாகவே வெடித்தது. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய லினக்ஸின் தந்தை லைனஸ் டோர்வால்ட்ஸ், தாங்கள் கையாண்டதிலேயே மிக மோசமான கம்பெனி என்விடியாதான் என்று சொல்லி, கேமரா முன்பு நடுவிரலையும் காட்டினார். அந்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது.

தாங்களே கண்டுபிடித்தவர்கள்

கம்பெனி சொல்லாவிட்டால் என்ன, நாமே கண்டுபிடிப்போம் என்று சிலர் இறங்கினார்கள். சிப்புக்கு என்னென்ன கட்டளை போகிறது என்று ஒவ்வொன்றாகக் கவனித்து 'நூவோ' என்ற டிரைவரை எழுதினார்கள். 2010-ல் அது லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது.

2014-ல் ஜிடிஎக்ஸ் 900 வரிசை வந்தபோது புதிய பூட்டு விழுந்தது. என்விடியாவின் டிஜிட்டல் கையெழுத்துள்ள ஃபர்ம்வேர் இருந்தால்தான் சிப்பின் முக்கியப் பகுதிகள் இயங்கும் என்ற நிலை. வேகத்தை ஏற்றி இறக்கத் தேவையான ஃபர்ம்வேர் நூவோவுக்குக் கிடைக்கவில்லை. விளைவு, கார்டு வேலை செய்யும், ஆனால் ஆன் செய்தபோது இருந்த குறைந்த வேகத்திலேயே நிற்கும். கார் கையில் இருக்கு, முதல் கியரைத் தாண்ட முடியாது என்ற கதைதான்.

2022-ல் வந்த திருப்பம்

2022 மே மாதம் என்விடியா, கெர்னலுக்குள் ஓடும் பகுதியின் மூல நிரலை வெளியிட்டது. பலருக்கும் ஆச்சரியம். ஆனால் அதில் இரண்டு 'ஆனால்' இருந்தது. ஒன்று, ஓபன்ஜிஎல், வல்கன், கூடா போன்றவற்றைக் கவனிக்கும் பெரிய பகுதி இன்னும் மூடியே இருக்கிறது. இரண்டு, 2018-ல் வந்த டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தைய கார்டுகளுக்கும் மட்டும்தான் இது பொருந்தும். அந்தக் கார்டுகளில் ஜிஎஸ்பி என்ற தனி பிராசஸர் இருக்கிறது. முக்கிய வேலைகளை அதில் ஓடும் மூடிய ஃபர்ம்வேரே பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கதவு திறந்த பிறகு சமூகத்தின் வேலையும் சூடுபிடித்தது. 'என்விகே' என்ற திறந்த மூல வல்கன் டிரைவர் வந்தது. ரஸ்ட் மொழியில் எழுதப்படும் 'நோவா' டிரைவரின் முதல் பகுதி 2025-ல் கெர்னலில் சேர்ந்தது.

நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்

2014-க்கு முந்தைய பல கார்டுகளில் அந்தப் பூட்டு இல்லை. 2018-க்குப் பிந்தையவற்றில் ஜிஎஸ்பி இருக்கிறது. நடுவில் உள்ள ஜிடிஎக்ஸ் 900, ஜிடிஎக்ஸ் 10 வரிசைகளுக்கு இரண்டும் இல்லை. கேம் ஆடுபவர்களிடம் நீண்ட காலம் கொடிகட்டிப் பறந்த ஜிடிஎக்ஸ் 1060 இந்தப் பட்டியலில்தான் வருகிறது.

இவர்களுக்கு இருந்த ஒரே வழி என்விடியாவின் மூடிய டிரைவர். அதிலும் 580 வரிசைதான் இந்தக் கார்டுகளுக்குக் கடைசி. அடுத்து வந்த 590-ல் இவை நீக்கப்பட்டன. 2025 டிசம்பரில் 590-க்கு மாறிய ஆர்ச் லினக்ஸ், பழைய கார்டு வைத்திருப்பவர்கள் அப்படியே அப்டேட் செய்தால் கிராபிக்ஸ் திரை வராமல் போகலாம் என்று எச்சரித்து, 580-க்கு மாறச் சொன்னது.

இதையே ஏஎம்டி பக்கம் பார்த்தால் நிலைமை வேறு. 2012-ல் வந்த ரேடியான் எச்டி 7000 வரிசையின் பல கார்டுகளுக்கு டிரைவர் ஆதரவை 2021-லேயே அந்தக் கம்பெனி முடித்துக்கொண்டது. ஆனால் லினக்ஸில் அதே கார்டுகளுக்கு 2025-லும் மேம்பாடுகள் சேர்ந்தன. நிரல் திறந்திருப்பதால் கம்பெனி விட்டாலும் வேறு ஒருவர் எடுத்துச் செய்ய முடிகிறது. கார்டின் வயசை விட, அதன் விவரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் இங்கே ஆயுளை முடிவு செய்கிறது.

கம்பெனி நினைத்தால் மட்டும் போதுமா?

அதுவும் போதாது. எச்டிஎம்ஐ 2.1 வசதியைத் தன் திறந்த மூல டிரைவரில் சேர்க்க ஏஎம்டி முயன்றது. அந்தத் தரத்தை நிர்வகிக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் அதை ஏற்கவில்லை என்பது 2024 பிப்ரவரியில் தெரியவந்தது.

லினக்ஸை விடச் சிறிய சிஸ்டங்களுக்கு இன்னும் கஷ்டம். ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி இரண்டும் இன்டெல், ஏஎம்டி டிரைவர்களை லினக்ஸிலிருந்து எடுத்துத் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்கின்றன. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இதே கெர்னலை நம்பித்தான் இருக்கிறது.

லினக்ஸ் போடும் முன் என்ன கவனிக்கணும்?

- உங்கள் கம்ப்யூட்டரில் எந்த கிராபிக்ஸ் சிப் இருக்கு என்பதை முதலில் பாருங்கள். சில லேப்டாப்களில் இன்டெலும் என்விடியாவும் சேர்ந்தே இருக்கும்.
- நேரடியாக இன்ஸ்டால் செய்யாமல், பென் டிரைவில் லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். வீடியோ, வெளி மானிட்டர், மூடித் திறப்பது மூன்றையும் சோதியுங்கள்.
- ஜிடிஎக்ஸ் 900 அல்லது 10 வரிசை என்றால், 580 டிரைவரைத் தரும், அடிக்கடி மாறாத நீண்ட கால ஆதரவு பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.
- செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால், கையெழுத்திடப்படாத டிரைவரை சிஸ்டம் ஏற்காது. இன்ஸ்டால் செய்யும்போது கேட்கப்படும் பாஸ்வேர்டு இதற்குத்தான், தவிர்க்காதீர்கள்.
- லினக்ஸுக்காகவே செகண்ட் ஹேண்டில் கார்டு வாங்குவதாக இருந்தால், விலையோடு திறந்த மூல டிரைவர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்து என்ன?

எதிர்பார்ப்பு இப்போது நோவா மேல்தான். ஆனால் அது ஜிஎஸ்பி உள்ள கார்டுகளுக்காக எழுதப்படுகிறது. ஜிடிஎக்ஸ் 1060 போன்ற கார்டுகளுக்கு அதனாலும் பலன் இல்லை. வேகக் கட்டுப்பாட்டு ஃபர்ம்வேரை என்விடியா வெளியிட்டால் மட்டுமே அந்தக் கார்டுகளுக்குத் திறந்த மூல டிரைவரில் முழு வேகம் கிடைக்க வாய்ப்பு உண்டு.