உழைத்த உடம்புக்கும் சர்க்கரை வரும்

"இது கடல்ல உழைச்ச உடம்பு. மீனு துன்னு வளந்தது. இதுக்கு எங்கேந்து சுகர் வரும்?"

சென்னை பட்டினப்பாக்கத்தின் மீனவர் குப்பமான ஸ்ரீனிவாசபுரத்தில் வலை சரிபார்த்துக்கொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தப் பதில் வரும். மயிலாப்பூர் மாடவீதியிலும் இதையே வேறு வாயால் சொல்கிறார்கள்: சர்க்கரை உட்கார்ந்து தின்பவர்களின் வியாதி, பாடுபடுகிறவர்களை அண்டாது. ஏழையும் வசதியுள்ளவரும் சேர்ந்து நம்பும் இந்தப் பொய், குப்பத்து மனிதர்களின் காலைப் பறித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு காலத்தில் இதில் பாதி உண்மை இருந்தது. 1996-இல் மருத்துவர் வி. மோகன் குழுவினர் சென்னையில் இரண்டு குடியிருப்புகளை ஆய்வுக்கு எடுத்தார்கள். ஒன்று திருமங்கலம் ஏசியாட் காலனி, நடுத்தர வர்க்கத்தார் வாழுமிடம். மற்றது தியாகராய நகரின் பாரதி நகர், கூலிக்குப் போகிறவர்கள் வாழுமிடம். அப்போது காலனியில் நூற்றுக்கு 12.4 பேருக்குச் சர்க்கரை நோய். பாரதி நகரில் 6.5 பேருக்கு. பத்தாண்டு கழித்து அதே இடங்களில் மீண்டும் பார்த்தார்கள். காலனியில் 15.4. பாரதி நகரில் 15.3. அவ்வளவுதான் வித்தியாசம். பத்தே ஆண்டில் ஏழையின் பாதுகாப்பு கரைந்துபோயிற்று.

ஏன் கரையாது? கட்டுமரத்தில் துடுப்பு வலித்த தோள்களுக்குப் பதில் இன்று ஃபைபர் படகில் இன்ஜின் ஓடுகிறது. லூப் ரோட்டில் மீன் விற்கும் பெண் காலையில் உட்கார்ந்தால் கூடை காலியாகும்வரை எழுந்திருப்பதில்லை. நல்ல மீன் விலைக்குப் போகிறது. தட்டில் குவிவது ரேஷன் அரிசிச் சோறு. நாம் உண்ணும் உணவின் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருவதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது. போதாக்குறைக்கு அரைத்தூக்கம். விடியுமுன் கடலுக்குப் போகிறவருக்கு இரவு ஏது? தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை.

சர்க்கரை முற்றிய பிறகு பாதத்தின் நரம்பு மரத்துப்போகும். மணலில் வெறுங்காலோடு நடப்பதே இங்கு பழக்கம். கிளிஞ்சல் கிழித்தாலும் தூண்டில் முள் ஏறினாலும் மரத்த காலுக்குத் தெரியாது. வலி இல்லாததால் புண்ணை யாரும் பார்ப்பதில்லை. ரத்த ஓட்டமும் குறைந்திருப்பதால் அது ஆறுவதில்லை. மஞ்சள் வைத்துக் கட்டி, நாள் கடந்து, நிறம் மாறி, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது விரலை எடுக்கிறார்கள், சிலருக்கு முழங்காலுக்குக் கீழே எடுக்கிறார்கள். "உழைத்த உடம்பு" என்ற பெருமை அவர்களைச் சோதனைக்கு ஒரு துளி ரத்தம் கொடுக்க விடவில்லை.

நோய் வந்தபின் ஊர் வேறு பாட்டுப் பாடும்: வாயைக் கட்டத் தெரியாதவன். இதையும் என்னால் ஏற்க முடியவில்லை. பழக்கம் மாறினால் பலன் உண்டு, மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு 2006-இல் அதை நிரூபித்தது. சர்க்கரையின் விளிம்பில் நின்ற 531 பேரை ஆராய்ந்ததில், உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. ஆனால் பழக்கத்துக்கு இடம் வேண்டாமா? ஏசியாட் காலனிக்காரர்கள் தங்கள் கைக்காசில் பூங்கா அமைத்தார்கள். அதற்கு முன் வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்கு 14 பேர். பிறகு 59 பேர். அதே மனிதர்கள்தான். ஸ்ரீனிவாசபுரத்தில் பூங்காவுக்கு இடம் ஏது? கடல் வீட்டுச் சுவரையே தின்கிறது. காரில் வந்திறங்கி மணலோரம் நடப்பவர்களை விடியற்காலையில் பார்க்கலாம். அந்நேரம் குப்பத்துப் பெண்களில் பலர் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போயிருப்பார்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. நல்ல திட்டம். அதோடு சர்க்கரைப் பரிசோதனைக் கருவியும், படகு கரையேறும் நேரத்தில் மீன் ஏலம் போடும் இடத்துக்கும் வரவேண்டும். ஊர்ப் பஞ்சாயத்து கேட்டால் நடக்காத காரியமில்லை.

அண்ணே, அக்கா, உங்கள் வீட்டில் யாராவது கால் மரத்துப்போகுது என்றோ, புண் ஆறவில்லை என்றோ சொன்னால் இந்த வாரமே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். காசு கேட்க மாட்டார்கள்.