பூட்டின் சாவி யார் பையில்?

கோரிமேடு என்றாலே எல்லோருக்கும் ஜிப்மர்தான். வெளியூர்க்காரர்கள் கையில் ரிப்போர்ட்டோடு பஸ்ஸை விட்டு இறங்கும் அதே சாலையில் காலையில் இன்னொரு கூட்டமும் போகும். பக்கத்திலிருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கும், சேதராப்பட்டுக்கும், காலாப்பட்டுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களில் முதுகில் டூல் பேக்கோடு போகும் சர்வீஸ் இன்ஜினீயரை யாரும் கவனிப்பதில்லை.

மெஷின் நின்றால்தான் அவருக்கு போன் வரும். "சார், ரியாக்டர் சீல் லீக் ஆகுது. பேட்ச் அப்படியே நிக்குது, உடனே வாங்க!"

அமிலம் புழங்கும் ரியாக்டர் பல ஆலைகளில் வெளியே இரும்பு, உள்ளே கண்ணாடிப் பூச்சு. எனாமல் தட்டில் சில்லு பெயர்ந்த இடம் துருப்பிடிக்குமே, அதே கதைதான் இங்கும். ஒரு ஸ்பேனர் கைதவறி உள்ளே விழுந்தால் போதும், பல லட்சம் ரூபாய்ச் சரக்கு வீண்.

சரக்கு போனால் வாங்கிக்கொள்ளலாம். தீப்பிடிக்காமல் இருக்க உள்ளே நைட்ரஜன் நிரப்புவார்கள். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவிகிதம். 19.5-க்குக் கீழே இருந்தால் இறங்கவே கூடாது. மிகவும் குறைந்திருந்தால் ஓரிரு மூச்சிலேயே மயக்கம். தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் விழுவார். செப்டிக் டேங்க் சாவுகளைப் பேப்பரில் படிக்கிறோமே, வாயுதான் வேறு.

அதனால்தான் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே இதை எழுதிவைத்தது. தகுதியுள்ளவர் சோதித்துப் பார்த்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் இறங்குகிறவர் சுவாசக் கருவி மாட்டி, இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

வால்வை மூடினால் மட்டும் போதாது, வால்வு கசியும். பைப்புக்கு நடுவே 'பிளைண்ட்' என்ற இரும்புத் தகட்டைச் செருக வேண்டும். கலக்கும் மோட்டாரின் ஸ்விட்சைப் பூட்டி, சாவியை இறங்குகிறவரே பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஷிப்ட் மாறி வந்தவர் தெரியாமல் ஸ்விட்சைப் போட்டுவிட்டால்?

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். தகராறும் இங்கேதான். "அஞ்சு நிமிஷ வேலை சார், சும்மா இறங்கிப் பாருங்க" என்பார்கள். வெளியிலிருந்து வந்தவர், பில் பாஸாக வேண்டும். மாட்டேன் என்று சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்.

1984 டிசம்பர் 2 இரவு, போபாலில் விஷவாயு கசிந்தபோது அந்த யூனிட்டில் உற்பத்தியே நடக்கவில்லை. வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் துருப்பிடித்த பைப்பை மாற்றுவதற்காகக் கழற்றிப் போட்டிருந்தார்கள். டேங்கைக் குளிரவைக்கும் கருவியை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. நின்றுபோன மெஷின்தானே என்ற நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அதற்குப் பிறகு, 1987-ல் வந்த திருத்தம், உடனடி ஆபத்து இருப்பதாக நினைக்கும் தொழிலாளி அதை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்வதை உரிமையாகவே ஆக்கியது.

தீப்பொறி பயத்தால் ரசாயனம் புழங்கும் இடத்துக்குள் செல்போன் கூடாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வேலை முடித்து இரவு திரும்ப வாங்கும்போது, "எங்கப்பா இருக்க, சாப்பிட்டியா?" என்று அம்மாவின் நாலைந்து மெசேஜ் காத்திருக்கும்.