அந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் எடுத்திருந்தா..!

போன மாசம் சித்தப்பா பொண்ணுக்குக் காதுகுத்து. போடிக்குப் போயிருந்தேன். பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், பக்கத்து நாற்காலியில் ஒரு பொடியன் போனைத் தள்ளிக்கொண்டே இருந்தான். திடீரென்று அதில் ஒரு பெண் வந்தாள். தோளில் பை, வயிற்றில் பிள்ளை, வெறித்த பார்வை. நடந்துகொண்டே இருந்தாள்.

"இது யாருன்னு தெரியுமாடா?"

"நடக்குற அக்கா."

அவனுக்கு ஆறு, ஏழு வயசுதான் இருக்கும். 'பாரதி கண்ணம்மா' விஜய் டிவியில் 2019 பிப்ரவரியில் ஆரம்பித்தபோது அவன் பிறந்திருந்தால் அதிகம். கதை, சேனல், அவள் ஏன் நடக்கிறாள் என்று எதுவும் அவனுக்குத் தெரியாது. அந்த நடை மட்டும் தெரியும்.

உங்களுக்கு மறந்திருக்காது. ஆனாலும் ஒரு வரி முன்கதை. டாக்டர் பாரதி, நிறம் கறுப்பான கண்ணம்மாவை விரும்பிக் கல்யாணம் செய்கிறார். பாரதியை அடைய நினைக்கும் இன்னொரு டாக்டர் வெண்பா, அவருக்குக் குழந்தை பிறக்க வாய்ப்பில்லை என்று நம்பவைக்கிறார். கண்ணம்மா கர்ப்பமாகிறாள். "இது என் குழந்தை இல்லை" என்கிறார் டாக்டர். அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள். இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. லட்சுமி அம்மாவிடம் வளர்கிறாள். ஹேமா, தன் சொந்த மகள் என்றே தெரியாத அப்பாவிடம் வளர்கிறாள்.

2020 கடைசியில் அந்த நடை ஆரம்பித்தது. ரோஷினி ஹரிப்பிரியன் நடந்தார், நடந்தார், நாள்கணக்கில் நடந்தார். 'கன்னியாகுமரி தாண்டிட்டாளா?' என்று ஊரே கேட்டது. மீம் போட்டவர்களுக்குச் சோறு தண்ணி வேண்டியிருக்கவில்லை. ஆனால், கிண்டல் உச்சத்தில் இருந்த அந்த நாட்களில்தான் சீரியலுக்கும் நல்ல காலம். சிரிக்கவாவது பார்க்க வேண்டும் இல்லையா? சரிவு அதற்குப் பிறகுதான் வந்தது. 2021-ல் ரோஷினி விலக, வினுஷா தேவி கண்ணம்மா ஆனார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. கதைதான் நின்ற இடத்திலேயே நின்றது. குழந்தைகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போனார்கள். டாக்டருக்குச் சந்தேகம் மட்டும் தீரவில்லை.

அப்போதுதான் தமிழ்நாடே ஒரே குரலில் அந்த வாக்கியத்தைச் சொல்ல ஆரம்பித்தது. 'யோவ், ஒரு டி.என்.ஏ டெஸ்ட் எடுய்யா!'

இந்த வாக்கியத்தை நான் முதலில் கேட்டது எந்த மீமிலும் இல்லை, போடியில்தான். எங்கள் ஊரில் ஏலக்காயைத் தரம் பிரிக்கும் வேலைக்கு நிறைய பெண்கள் போவார்கள். என் பெரியம்மாவும் அதில் ஒருவர். முறத்தில் காயைக் கொட்டி, பருமன் காய் தனி, நிறம் மங்கியது தனி, வெடித்தது தனி என்று நாளெல்லாம் உட்கார்ந்து பொறுக்குவார்கள். கைதான் வேலை பார்க்கும், வாய் சும்மாதான் இருக்கும். அதனால், முந்தின ராத்திரி சீரியல் மறுநாள் காலையில் அங்கே இன்னொரு தடவை ஓடும். டிவியில் ஓடியதைவிட அது நன்றாகவே இருக்கும்.

"நம்ம காய்ச்சல்னு க.விலக்கு ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன சொல்றாய்ங்க? மொதல்ல ரத்தத்தக் குடு, ஒண்ணுக்குப் புடிச்சுக் குடு, அப்புறம் வந்து பேசுன்றாய்ங்க. இவன் டாக்டருக்குப் படிச்சவன். பொண்டாட்டியவே சந்தேகப்படுறான், ஒரு டெஸ்ட் எடுக்க மாட்றான். என்னத்தப் படிச்சான்?" என்றார் ஒரு அக்கா.

எனக்குத் தெரிந்து இந்தச் சீரியலுக்கு வந்த ஆகச் சிறந்த விமர்சனம் இதுதான். தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு க.விலக்கு என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வரிசை, சீட்டு, ரத்தக்குழாய், ரிசல்ட் என்று ஆஸ்பத்திரி எப்படி நடக்கும் என்பது எங்கள் பெண்களுக்கு அத்துப்படி. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ல் வந்த பிறகு வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். டிவி டாக்டரோ கழுத்தில் ஸ்டெத்தை மாட்டிக்கொண்டு வராண்டாவில் நின்று குடும்பத் தகராறு பேசுகிறார். ஒரு கட்டத்தில் அவருடைய ஆஸ்பத்திரிக்குள் தீவிரவாதிகளே புகுந்துவிட்டார்கள். அன்றைக்கு முறத்தடியில் யாரும் வேலை பார்த்திருக்க மாட்டார்கள்.

அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. போடிமெட்டுக்கு விடிகாலை ஜீப்பில் ஏறி இடுக்கித் தோட்டங்களுக்குப் போய்வரும் ஆட்கள் எங்கள் பக்கம் ஏராளம். அங்கேயே தங்கி வேலை பார்ப்பவர்களும் உண்டு. அப்படித் தங்கியிருந்த ஒரு மதினி, ஆரம்பத்திலேயே அசராமல் சொன்னார்: "இத நாங்க மலையாளத்துலயே பாத்துட்டோம்டி. இப்பல்லாம் முடிக்க மாட்டாய்ங்க." அவர் சொன்னது 'கறுத்தமுத்து'. ஏசியாநெட்டில் 2014-ல் ஆரம்பித்து 2019 வரை ஓடிய மூலக்கதை. இதே கதைதான் தெலுங்கில் 'கார்த்திக தீபம்', கன்னடத்தில் 'முத்துலட்சுமி', மராத்தியில் 'ரங் மாஸா வேகளா'. இந்தியாவில் இத்தனை மொழியில் இத்தனை டாக்டர்கள் ஒரே டெஸ்ட்டை எடுக்காமல் இருந்திருக்கிறார்கள்!

ஏன் எடுக்கவில்லை என்பதற்கு விடை சுலபம். சீரியலில் இருந்தது ஒரே ஒரு முடிச்சு. அதை அவிழ்த்தால் கதை காலி. வாரத்தில் ஐந்தாறு நாள், நாளுக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் எதையாவது காட்டியாக வேண்டும். நாடு முழுக்க சில பத்தாயிரம் வீடுகளில் இருக்கும் மீட்டர் பெட்டிதான் டி.ஆர்.பி-யைச் சொல்கிறது. அந்த எண் இருக்கும்வரை விளம்பரம் இருக்கும், விளம்பரம் இருக்கும்வரை சந்தேகம் இருக்கும். என் அப்பத்தா வீட்டில் அந்தப் பெட்டி இல்லை. அவர் சலித்துப்போய் டிவியை அணைத்தது எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது.

அந்தக் கணக்கில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்த புதிதில், 'உண்மை தெரிந்து அதிர்ந்த பாரதி' என்ற மாதிரித் தலைப்புகளை நானும் எழுதியிருக்கிறேன். உள்ளே திறந்தால் பாரதிக்கு எந்த உண்மையும் தெரிந்திருக்காது. நீங்களும் திறந்தீர்கள், திட்டினீர்கள், மறுநாளும் திறந்தீர்கள்.

சரி, டெஸ்ட் விஷயத்துக்கு வருவோம். பாரதிக்கு முதலில் தேவைப்பட்டது டி.என்.ஏ டெஸ்ட்டே இல்லை. ஆணுக்குக் குழந்தை பிறக்குமா என்று பார்க்கச் சாதாரண விந்துப் பரிசோதனை போதும். அதில் குறை தெரிந்தால், இடைவெளி விட்டு இன்னொரு முறை பார்ப்பதுதான் வழக்கம். காய்ச்சல் வந்து போனால்கூட எண்ணிக்கை இறங்கும், பிறகு ஏறும். ஒரே ரிப்போர்ட்டை வைத்து 'உனக்கு வாய்ப்பே இல்லை' என்று எந்த டாக்டரும் முடிவு கட்ட மாட்டார். இவர் தனக்கே கட்டிக்கொண்டார். வேறு லேபில் இன்னொரு முறை கொடுத்திருந்தால் வெண்பாவின் குட்டு அந்த வாரமே உடைந்திருக்கும்.

டி.என்.ஏ டெஸ்ட்டும் பெரிய வித்தை இல்லை. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் தடவி எடுத்தாலே போதும். பிள்ளையின் டி.என்.ஏ-வில் பாதி அம்மாவுடையது, பாதி அப்பாவுடையது. குறிப்பிட்ட சில இடங்களை ஒப்பிட்டு, அம்மாவிடமிருந்து வந்ததைக் கழித்தால், மிச்சம் அந்த ஆளோடு பொருந்துகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். 1980-களின் கடைசியில் இந்திய நீதிமன்றத்துக்கு இந்தச் சோதனை முதலில் வந்ததே மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான். கேரளாவின் தலச்சேரியில் ஒரு குழந்தைக்கு அப்பா யார் என்ற வழக்கு. ஹைதராபாத் விஞ்ஞானி லால்ஜி சிங் அதைச் செய்து கொடுத்தார்.

இதையெல்லாம் அன்றைக்கு முறத்தடியில் நான் பெருமையாக விளக்கினேன். டிப்ளோமா முடித்த கையோடு வந்திருந்தேன், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அப்பத்தா வயதிருக்கும் ஒரு அம்மா மட்டும் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"டெஸ்ட்டு எதுக்குத்தா? அவ சொல்றா. அவன் நம்பணும். நம்பலையா, அவன் பாட்டுக்குப் போகணும். அந்தப் புள்ளைய ஏன் ஊசி போடணும்?"

யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. பெரியம்மா பேச்சை மாற்றினார். சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் காரணம் சொன்னார். அந்த அம்மாவின் மூத்த பிள்ளை பிறந்தபோது, 'யாரு ஜாடைடி இது?' என்று புருஷன் வீட்டில் ஒருத்தர் கேட்டிருக்கிறார். கேட்டது ஒரே ஒரு தடவைதான். ஆனால், புருஷன் சாகும்வரை அந்தப் பிள்ளையைத் தூக்கியதே இல்லையாம்.

நானும் கத்தினேன், நீங்களும் கத்தினீர்கள், டெஸ்ட் எடு, டெஸ்ட் எடு என்று. ஆனால், சட்டம் நிற்பது பெரும்பாலும் அந்த அம்மா பக்கம். 1872-ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்தின் 112-வது பிரிவு சொல்வது இதுதான்: சட்டப்படியான திருமண வாழ்வில் பிறக்கும் குழந்தை அந்தக் கணவனுடையதுதான். இல்லையென்றால், கரு உண்டாகக்கூடிய காலத்தில் இருவரும் சேர்ந்திருக்கவே வாய்ப்பில்லை என்று நிரூபிக்க வேண்டும். 2024 ஜூலையில் புதிய சாட்சியச் சட்டம் வந்தபோதும் இது மாறவில்லை, 116-வது பிரிவாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 1993-லேயே உச்ச நீதிமன்றம், கேட்டவுடன் எல்லாம் ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிட முடியாது என்று சொல்லிவிட்டது.

எனக்கு ஆச்சர்யமாக இருந்தது இன்னொரு தேதி. இழுத்து இழுத்து, ஒருவழியாக டி.என்.ஏ ரிசல்ட் வந்து, பாரதி கண்ணீர் விட்டு, குடும்பத்தைச் சேர்த்துவைத்து 'பாரதி கண்ணம்மா' முதல் பாகம் முடிந்தது 2023 பிப்ரவரியில். அதே பிப்ரவரி 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. மனைவி மேல் சந்தேகப்பட்டு விவாகரத்து கேட்ட ஒரு கணவர், அதை நிரூபிக்க இரண்டாவது குழந்தைக்கு டி.என்.ஏ டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார். குடும்ப நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் சரி என்றன. உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. பெரியவர்கள் சண்டையில் குழந்தையை ஆயுதமாக்கக் கூடாது, தன் பிறப்பை யாரும் போகிறபோக்கில் கேள்வி கேட்காமல் இருக்கக் குழந்தைக்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம். சீரியல் முடிவைப் பற்றி அன்றைக்கு ஏகப்பட்ட செய்தி போட்டோம். இந்தத் தீர்ப்பை அந்தக் கதையோடு சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

சோதனையே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. டெஸ்ட் ஏற்கெனவே எடுத்து, அப்பா இல்லை என்று ரிசல்ட் வந்துவிட்ட ஒரு வழக்கில், 2014-ல் அதே உச்ச நீதிமன்றம் ரிசல்ட்டைத்தான் ஏற்றது. தேவை இருக்கும் இடத்தில் எடுக்கலாம். டாக்டர் பாரதியிடம் இருந்தது தேவை இல்லை, வெறும் சந்தேகம். அதைத் தீர்ப்பது யார் வேலை என்றுதான் அந்த அம்மா கேட்டார். நாம் எல்லோரும் சேர்ந்து அந்த வேலையை லட்சுமி, ஹேமா தலையில் கட்டினோம். அதுவும் ஜோக்காக.

கதையாசிரியர்கள் சறுக்கிய இடமும் அங்கேதான் என்று இப்போது தோன்றுகிறது. மாமியார் நிறத்தைச் சொல்லி ஒதுக்குவதில் ஆரம்பித்தபோது அது கண்ணம்மாவின் கதை. கம்பத்திலும் சின்னமனூரிலும் எத்தனையோ பெண்கள் அதைத் தங்கள் கதையாகப் பார்த்தார்கள். போகப்போக, டாக்டருக்கு எப்போது உண்மை தெரியும் என்ற கதையாகிவிட்டது. கண்ணம்மா உழைத்தாள், பிள்ளையை வளர்த்தாள், நிமிர்ந்து நின்றாள். ஆனாலும் ஒவ்வொரு வாரக் கடைசியிலும் கேமரா டாக்டர் முகத்துக்குத்தான் போனது. 2023-லேயே வேறு ஹீரோவோடு இரண்டாம் பாகம் வந்தது, சில மாதங்களிலேயே போனது. முறத்தடியில் அதைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

காதுகுத்துக்கு அந்த அம்மாவும் வந்திருந்தார். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கடைசி எபிசோட் பாத்தீங்களா ஆத்தா?"

"பாத்தேன் பாத்தேன். நடுவுல விட்டுட்டேன். அவனுக்கு உண்ம தெரிஞ்சிருச்சுன்னு உங்க பெரியம்மா சொன்னா, அப்புறம் பாத்தேன்."

"ஏன், அவ்ளோ திட்டினீங்களே?"

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"எப்படி மன்னிப்புக் கேக்குறான்னு பாக்கணும்ல."