மடிப்புக் குலையாத நீர்வழி

அக்குவாபோரின்-4 என்பது மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ஆஸ்ட்ரோசைட் செல்களின் சவ்வில், அதிலும் நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தழுவும் பாதப் பகுதியில், செறிந்திருக்கும் நீர்வழிப் புரதம். மனிதரில் இந்தக் குடும்பத்தில் 13 புரதங்கள் உண்டு. முதலில் அறியப்பட்ட அக்குவாபோரின்-1 தேடிக் கிடைத்ததல்ல. பால்டிமோரில் பீட்டர் அக்ரேயின் ஆய்வகம் சிவப்பணுவின் ஆர்எச் புரதத்தைப் பிரித்தெடுத்தபோது, 28 கிலோடால்டன் அளவில் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது அது. அதன் வேலை 1992-இல் தவளை முட்டைகளில் தெளிவானது. அதற்குரிய ஆர்என்ஏ செலுத்தப்பட்ட முட்டைகள் நீர்த்த கரைசலில் சில நிமிடங்களுக்குள் பருத்து வெடித்தன. செலுத்தப்படாதவை அநேகமாக அப்படியே இருந்தன.

அந்தச் சோதனையின் அளவுகோல் நீர் கடக்கிறதா என்பது. மறுகூட்டிணைவு முறையில் தயாராகும் எந்த அக்குவாபோரினுக்கும் அதுவே இன்றும் பொருந்தும் அளவுகோல். ஜெல்லில் தெரியும் ஒற்றைப் பட்டை புரதத்தின் தூய்மைக்குச் சான்று. அது நீர்வழியாக மடிந்திருப்பதற்குச் சான்று ஆகாது.

காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. ஒவ்வோர் அலகும் சவ்வை ஆறு சுருள்களால் கடக்கிறது. மேலிருந்தும் கீழிருந்தும் இரண்டு அரைச்சுருள்கள் நடுவில் வந்து சந்திக்கின்றன. அஸ்பராஜின், புரோலின், அலனின் என்ற மூன்று அமினோ அமிலங்களின் வரிசை அந்தச் சந்திப்பில் இரு பக்கமும் அமைகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கும், புரோட்டான் கடக்காது. நான்கு அலகுகள் கூடி ஒரு தொகுதியாகின்றன, ஆனாலும் ஒவ்வோர் அலகுக்கும் தனித் துளை. இவ்வளவும் நிலைக்க, சவ்வோ அதை ஒத்த சூழலோ வேண்டும். கொழுப்பை அகற்றும் டிட்டர்ஜென்ட் கடுமையானதாக இருந்தால் மடிப்பு குலைகிறது. புரதத்தின் அளவு மட்டும் மாறாமல் இருக்கிறது.

அக்குவாபோரின்-4 வாங்கும்போதோ தயாரிக்கும்போதோ முதலில் கேட்க வேண்டியது, எந்த வடிவம் என்பது. எம்1 வடிவத்தில் 323 அமினோ அமிலங்கள். இருபத்து மூன்றாம் மெத்தியோனினில் தொடங்கும் எம்23 வடிவத்தில் 301. நீரைக் கடத்துவதில் இரண்டும் வல்லவை. ஆனால் எம்23 தொகுதிகள் சவ்வில் கட்டம் கட்டமாக அடுக்கி நின்று பெரிய விரிப்புகளாகின்றன. எம்1 தனித்து அப்படிச் செய்வதில்லை. அடுத்தது, முழுப் புரதமா, துண்டா என்பது. செல்லுக்குள் நீளும் வால் பகுதியை மட்டும் பாக்டீரியாவில் தயாரிப்பது எளிது. ஆன்டிபாடி உருவாக்கவும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஒப்பீட்டுக்கும் அது போதும். அதில் துளையே இல்லை என்பதால் நீர்க் கடத்தல் ஆய்வுக்கு உதவாது. முழுப் புரதத்துக்குப் பிச்சியா ஈஸ்ட் நன்கு கைகொடுத்திருக்கிறது: 2009-இல் 1.8 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் வெளியான மனித அக்குவாபோரின்-4 படிக அமைப்பு, அதில் உருவான புரதத்திலிருந்து கிடைத்தது.

செயல்பாட்டைச் சோதிக்க, புரதத்தைக் கொழுப்புக் குமிழ்களில் பொதித்து, அடர்ந்த கரைசலோடு திடீரெனக் கலந்து, குமிழ் சுருங்கும் வேகத்தை ஒளிச்சிதறலால் அளக்கிறார்கள். புரதமில்லாத குமிழ்களை அதே நாளில், அதே கொழுப்புக் கலவையில் அளக்காவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. குமிழ்களின் விட்டமும் தெரிய வேண்டும். சிறிய குமிழ் எப்படியும் விரைவாகச் சுருங்கும். வெப்பநிலையை மாற்றி அளப்பது இன்னும் உறுதி தரும். கொழுப்புப் படலத்தின் வழியே நீர் கசிய மோலுக்குச் சுமார் 10 கிலோகலோரிக்கு மேல் கிளர்வு ஆற்றல் தேவை; துளை வழியே ஏறத்தாழ 5 போதும்.

மடிப்பின் அருமை நோயறிதலில்தான் முழுதாகப் புலப்படுகிறது. பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமையலைடிஸ் ஆப்டிகா நோயாளிகளின் இரத்தத்தில் காணப்படும் ஆன்டிபாடியின் இலக்கு அக்குவாபோரின்-4 என்று 2005-இல் நிறுவப்பட்டது. அந்த ஆன்டிபாடி பற்றுவது செல்லுக்கு வெளியே நீளும் வளையங்களின் முப்பரிமாண வடிவத்தை. பலருடைய சீரம் எம்23 விரிப்புகளை இன்னும் இறுக்கமாகப் பற்றுகிறது. ஆகவே மனிதச் செல்களில் இப்புரதத்தை வெளிப்படுத்தி, சீரத்தை அவற்றின்மேல் இட்டுப் பார்க்கும் முறையையே 2015-ஆம் ஆண்டின் சர்வதேச நோயறி நெறிகள் வலுவாகப் பரிந்துரைத்தன. தூய புரதம் பூசிய எலைசா தட்டு மலிவானது, கையாள எளிது. ஆனால் பூசும்போது வடிவம் சிதைந்தால் உண்மையான ஆன்டிபாடி தப்பிவிடும், குறைந்த அளவுகளில் பொய்யான நேர்முடிவும் வரும். இரண்டு பிழையும் நோயாளியைப் பாதிக்கும். இந்த நோயை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தவறாகக் கருதினால், அதற்குத் தரப்படும் இன்டர்ஃபெரான் பீட்டா இதைத் தீவிரமாக்கக்கூடும் என்பதை நினைத்தாலே போதும்.

எனவே ஆய்வுக் கட்டுரையின் முறைப் பகுதியில் ‘மறுகூட்டிணைவு மனித அக்குவாபோரின்-4’ என்ற ஒரு வரி போதாது. வடிவம், அமினோ அமில எல்லை, உற்பத்தி செய்த செல், இணைத்த குறிச்சொல்லின் இடம், டிட்டர்ஜென்ட் அல்லது கொழுப்பு, புரதத்துக்கும் கொழுப்புக்கும் உள்ள விகிதம், உறையவைத்து உருக்கிய எண்ணிக்கை ஆகியவை எழுதப்பட வேண்டும். ஜெல் படம் சேர்க்கும்போது மாதிரி கொதிக்கவைக்கப்பட்டதா என்பதும் தேவை: சவ்வுப் புரதங்கள் கொதிநிலையில் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, பட்டை கிணற்றின் வாயிலேயே தங்கிவிடுவதுண்டு.