ஆற்றுக்கு இக்கரையிலும் ஒரு பிரதி

'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானிடம் கேட்டால் ஐந்து என்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லிவிடும். இகரக் குறியையும் புள்ளியையும் கணினி தனித்தனியாக எண்ணுவதால் வந்த வம்பு. இதுபோன்ற சிக்கல்களுக்காகத் தன்னார்வலர்கள் எழுதிய நிரல்தொகுப்பு 'ஓப்பன் தமிழ்'. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது, யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

எப்படி எடுப்பது என்பதில்தான் விஷயம். சென்னை அபிராமபுரத்து மாணவி ஒருவர் ஜிப் கோப்பை இறக்கினால் இன்றைய நிலவரம் மட்டும் கிடைக்கும். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' என்ற மென்பொருளில் 'கிட் குளோன்' என்று தட்டி ரெப்போவின், அதாவது நிரல் களஞ்சியத்தின், முகவரியைக் கொடுத்தால், யார் எந்த வரியை எப்போது மாற்றினார், ஏன் மாற்றினார் என்ற வரலாறு முழுவதும் மடிக்கணினிக்கு வந்துவிடும். அப்புறம் இணையமே இல்லாவிட்டாலும் பழைய வடிவத்தைப் புரட்டலாம், புது மாற்றத்தைப் பதியலாம். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நிஜ ஃபைனல்' என்று பென்டிரைவில் ப்ராஜெக்ட்டைச் சுமக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு முதல் ஆண்டிலேயே இதைச் சொல்லித்தரலாம்.

லினக்ஸ் குழு அதுவரை நம்பியிருந்த, இதே வேலையைச் செய்யும் பிட்கீப்பர் மென்பொருளின் இலவச அனுமதி பறிபோனதால்தான் லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதினார். 2011-ல் லினக்ஸின் கெர்னல்.ஆர்க் சர்வருக்குள் ஊடுருவல் நடந்தபோது அந்த உழைப்பு கைகொடுத்தது. உலகெங்கும் ஆயிரக்கணக்கானோரிடம் முழுப் பிரதி இருந்தது. நிரலில் கைவைத்திருந்தால் பிரதிகளோடு ஒத்துப்போகாமல் மாட்டியிருக்கும். நிரல் களஞ்சியங்களை வைத்திருந்த கூகுள் கோட் தளம் 2016-ல் கடையை மூடியபோதும் பிரதி வைத்திருந்தவர்கள் பதறவில்லை.

அபிராமபுரத்துக்கு அக்கரையில், கோட்டூர்புரத்தில், தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. தமிழ் எழுத்துருக்களையும் விசைப்பலகை இயக்கிகளையும் இலவசமாகத் தருகிறது. நடுவில் ஓடும் அடையாறு 2015 டிசம்பரில் கோட்டூர்புரத் தெருக்களுக்குள் புகுந்ததை இப்பகுதியில் யாரும் மறக்கவில்லை. ஒரே சர்வரை நம்பியிருந்தால், எந்த ஊரிலும் இப்படியொரு வெள்ளம் அதிலிருப்பதையெல்லாம் கொண்டுபோய்விடலாம்.

ஆகவே பொதுப்பணத்தில் எழுதப்படும் தமிழ் மென்பொருள் எதுவானாலும், நிறுவும் கோப்போடு நின்றுவிடாமல், குளோன் செய்யத்தக்க ரெப்போவாக வெளிவர வேண்டும். ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிடலாம்.

ஒரு சங்கடம் உண்டு. அவசரத்தில் யாரோ நிரலில் எழுதிவைத்த கடவுச்சொல், மறுநாளே நீக்கப்பட்டாலும், பழைய பதிவில் அப்படியே கிடக்கும். குளோன் செய்பவர் கைக்கும் போகும். ஆகவே வெளியிடும் முன் வரலாற்றைத் துழாவ ஓர் ஆள் வேண்டும். அவருடைய சம்பளத்தையும் அதே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடலாம்.